அரிசோனா யூனிட் 9: பதினெட்டு வருடக் காத்திருப்பும் பதினான்கு நாள் வேட்டையும்

மார்ச் மாதம் வந்தால் அரிசோனாவில் எல்க் மான் வேட்டைக்காரர்கள் கிரெடிட் கார்டுக் கணக்கை நாளுக்கு நாலு தடவை திறந்து பார்ப்பார்கள். மாநில வேட்டை, மீன்வளத் துறை குலுக்கல் முடிவை அறிவிப்பதற்கு முன்னாலேயே, டேக் (ஒரு விலங்கை வேட்டையாடும் அனுமதிச் சீட்டு) விழுந்தவர்களின் கார்டிலிருந்து பணம் பிடித்துவிடும். சில வருடங்களுக்கு முன் அப்படி ஒரு மார்ச்சில், ஃபீனிக்ஸ் புறநகரில் எங்கள் தெருவில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற எலெக்ட்ரீஷியன் ஒருவரின் கணக்கில் 135 டாலர் குறைந்திருந்தது. யூனிட் 9 என்ற வேட்டைப் பகுதி, ஆண் எல்க், செப்டம்பர் வில் வேட்டை. அது அவருடைய பதினெட்டாவது விண்ணப்பம்.

அந்தப் பணம் கழிந்த நாளிலிருந்து செப்டம்பர் முடியும் வரை அவர் போட்ட திட்டம் என்ன, அதில் எது நின்றது, எது கரைந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை. நான் வேட்டைக்காரன் இல்லை. கூடாரம் போட, சமைக்க, கடைசியில் இறைச்சி சுமக்கக் கூடப் போனவன். அவருடைய நோட்டுப் புத்தகம் நிரம்பியதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன். பெரும்பாலான பக்கங்கள் வீணாயின. இரண்டு பக்கங்கள் மட்டும் வேட்டையைக் காப்பாற்றின: மழை பெய்தால் என்ன செய்வது என்று எழுதிய பக்கம் ஒன்று, எந்த நாளில் எவ்வளவு சிறிய கொம்புக்கு இறங்கி வரலாம் என்று எழுதிய பக்கம் இன்னொன்று.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்றாலே குற்றம் என்று பழகிய நமக்கு, அரசாங்கமே டேக் விற்று ஆளை அனுப்புவது விசித்திரமாகத் தெரியும். அது சரியா தவறா என்ற வாதத்தை இங்கே எடுக்கவில்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். அரிசோனாவின் சொந்த எல்க் இனம் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அழிந்துவிட்டது. இன்று அங்கே திரியும் சுமார் 35,000 எல்க்குகள், 1913-இல் யெல்லோஸ்டோனிலிருந்து கொண்டுவந்து செவலான் ஓடைப் பக்கம் விடப்பட்ட 83 எல்க்குகளிலிருந்தும் அதற்குப் பிறகு விடப்பட்டவற்றிலிருந்தும் பெருகியவை. அவற்றைப் பராமரிக்கும் செலவில் பெரும் பங்கு லைசன்ஸ், டேக் பணத்திலிருந்தும், 1937-ஆம் ஆண்டுச் சட்டப்படி துப்பாக்கி, தோட்டா விற்பனையில் வசூலாகும் வரியிலிருந்தும் வருகிறது.

டேக் ஏன் இவ்வளவு அரிது

எல்க் மான் நம் மிளாவுக்கு உறவு. ஆனால் உருவத்தில் அதைத் தாண்டும். வளர்ந்த ஆண் 300 கிலோவுக்கு மேல். கொம்பு வருடா வருடம் விழுந்து முளைப்பது. வசந்தத்தில் தொடங்கி ஆகஸ்டில் மேல்தோல் உரிவதற்குள் முழுக் கொம்பும் வளர்ந்தாக வேண்டும். உச்ச வேகத்தில் ஒரு நாளைக்கு 2 சென்டிமீட்டருக்கு மேல் வளரும். ஒன்பது பத்து வயதில்தான் கொம்பு அதன் முழு அளவைக் காட்டும். ஆகவே பெரிய கொம்பு வேண்டுமென்றால் விலங்கு முதலில் அந்த வயது வரை உயிரோடு இருக்க வேண்டும். அரிசோனா ஆண் எல்க் டேக்குகளை இறுக்கிப் பிடித்திருப்பதன் பலன் அதுதான். குளிர்காலமும் வடக்கு மாநிலங்கள் அளவுக்குக் கடுமையில்லை. கொம்பு அளவுகளைப் பதிவு செய்யும் பூன் அண்ட் க்ராக்கெட் கிளப்பின் பதிவில் இயல்பான வடிவக் கொம்புக்கான உலக சாதனை 442 5/8. தண்டு, கிளை எல்லாவற்றையும் அங்குலத்தில் அளந்து கூட்டிய மதிப்பெண் இது, அளக்கும் முறை பின்னால் வருகிறது. 1968-இல் அலான்ஸோ விண்டர்ஸ் என்பவர் அரிசோனாவின் வெள்ளை மலைப் பகுதியில் சுட்டது. அது உலக சாதனை என்று தெரியவரவே பல வருடங்கள் ஆயின.

யூனிட் 9 கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்காவுக்குத் தெற்கே ஒட்டியிருக்கும் காடு. டூசாயன் என்ற சிற்றூர், கைபாப் தேசிய வனம், நெடுஞ்சாலை 64. பூங்காவுக்குள் வேட்டை கிடையாது. அங்கே வயதாகும் ஆண்கள் இனச்சேர்க்கைக் காலத்தில் பெண்களைத் தேடி வெளியே வரும். அந்த ஆசையில்தான் இத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள்.

குலுக்கல் நடக்கும் விதத்தை விளக்காமல் காத்திருப்பின் கனம் புரியாது. ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு போனஸ் பாயிண்ட். வேட்டைப் பயிற்சி வகுப்பு முடித்தவருக்கு நிரந்தரமாக ஒன்று. ஐந்து வருடம் விடாமல் விண்ணப்பித்தால் விசுவாசத்துக்கு இன்னொன்று. மொத்த டேக்குகளில் 20 சதவீதம் பாயிண்ட் அதிகமுள்ளவர்களிடமிருந்து தொடங்கி இறங்குவரிசையில் போகும். மிச்சம் பொதுச் சுற்று. அதில் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஒரு எண், அதோடு ஒவ்வொரு பாயிண்டுக்கும் ஒரு எண் என்று கம்ப்யூட்டர் எழுந்தமானமாகக் கொடுக்கும். அவற்றில் மிகச் சிறியது எதுவோ அதுதான் உங்கள் எண். சிறிய எண்காரர் முதலில் வாங்குவார்.

பதினேழு தோல்வி, அதோடு இரண்டு: 19 பாயிண்ட். அதாவது அவர் கையில் இருபது எண்கள். முதல்முறை விண்ணப்பிக்கும் பையனிடம் ஓர் எண். வாய்ப்பு கூடுகிறது, உத்தரவாதம் கிடையாது. அந்தப் பையனுக்கே விழுந்து, இருபது எண் வைத்திருப்பவருக்கு விழாமல் போவது எல்லா மார்ச்சிலும் நடப்பதுதான். அவரைவிட அதிகப் பாயிண்ட் வைத்திருப்பவர்கள் நிறைய இருப்பதால், இவருக்குப் பொதுச் சுற்றில்தான் அடித்திருக்க வேண்டும் என்பது அவர் ஊகம்.

இது உள்ளூர்க்காரர் கணக்கு. வெளிமாநிலத்தவர் பாடு இதைவிடத் திண்டாட்டம். ஆண் எல்க் டேக்குகளில் அவர்களுக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் கிடையாது. 160 டாலர் லைசன்ஸ் வாங்கினால்தான் விண்ணப்பமே போடலாம். டேக் விழுந்தால் இன்னொரு 650. அந்தப் பத்து சதவீத வரம்பு அரசியல் சாசனத்தின் மாநிலங்களுக்கிடையேயான வர்த்தகப் பிரிவோடு மோதுகிறது என்று வேட்டை வழிகாட்டித் தொழில் செய்பவர்கள் வழக்குப் போட்டார்கள். 2002-இல் ஒன்பதாவது சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் சாய்ந்தது. 2004-இல் வரம்புக்குத் தடை வந்தது. 2005-இல் அமெரிக்கக் காங்கிரஸ் தனிச் சட்டம் போட்டு, உள்ளூர்க்காரருக்கு முன்னுரிமை கொடுப்பது மாநிலங்களின் உரிமை என்று சொல்லி முடித்தது. மான் டேக்குக்காக வாஷிங்டன் வரை போனார்கள் என்றால் அது வெறும் பொழுதுபோக்குக் கோபம் இல்லை.

வில்லா, துப்பாக்கியா

விண்ணப்பத்திலேயே இது தீர்மானமாகிவிடுகிறது என்பதால், திட்டம் உண்மையில் பிப்ரவரியிலேயே தொடங்கிவிடுகிறது. பெண் எல்க் பருவத்துக்கு வருவது செப்டம்பர் நடுவிலிருந்து கடைசி வரை. வில் வேட்டை செப்டம்பர் இரண்டாம் வெள்ளி அளவில் தொடங்கி இரண்டு வாரம். அதன் பின்னால் வரும் சீக்கிரத் துப்பாக்கி வேட்டை ஒரு வாரம்தான். ஆனால் ஆண்கள் நிலைதடுமாறிக் கத்தித் திரியும் நேரம். துப்பாக்கி டேக்குகள் எண்ணிக்கையில் மிகக் குறைவு, அதனால் இன்னும் கடினம். நவம்பர் கடைசியில் வரும் வேட்டைக்கு டேக் எளிது. அப்போது ஆண்கள் களைத்து, கொம்பு உடைந்து, புதரில் ஒளிந்து கிடக்கும்.

அவருக்கு வயது 63. வலது தோளில் பழைய வேலைக் காயம். 70 பவுண்டு வில் இழுத்த கை இப்போது 54 பவுண்டில் நின்றுவிட்டது. அரிசோனா சட்டம் பெரிய விலங்குக்குக் கேட்பது 30 பவுண்டு இழுவையும் அகலம் 7/8 அங்குலத்துக்குக் குறையாத அம்புமுனையும்தான். சட்டம் போதும் என்கிறது, எல்க்கின் விலா எலும்பு என்ன சொல்லும் என்று அவர் கவலைப்பட்டார். எடை கூடிய அம்பு, இரண்டே அலகுள்ள நிலையான முனை, 35 கஜத்துக்கு மேல் அம்பை விடுவதில்லை என்று ஏப்ரலில் முடிவு செய்தார். இந்த 35 கஜம் மற்ற எல்லாவற்றையும் தீர்மானித்தது. பத்துக் கூடாரம் அளவு வெட்டவெளியைத் தாண்டி நிற்கும் விலங்கு அவருக்கு இல்லாத விலங்கு.

தோள் முழுக்கப் போய்விட்டால் என்ன செய்வது என்பதற்கும் ஏற்பாடு இருந்தது. விண்ணப்பிக்கும்போதே பத்து டாலர் அதிகம் கட்டி 'பாயிண்ட்கார்டு' வாங்கியிருந்தார். வேட்டை தொடங்கும் முன் டேக்கைத் திருப்பிக் கொடுத்தால் பாயிண்டுகள் திரும்ப வரும். பதினெட்டு வருட முதலீட்டுக்குப் பத்து டாலர் காப்பீடு. இதை வாங்காமல் விடுபவர்களைப் பார்த்தால் எனக்கு ஆச்சரியம்தான்.

தண்ணீர்

யூனிட் 9-இல் வற்றாத ஓடை கிடையாது. தரைக்கு அடியில் இருக்கும் கைபாப் சுண்ணாம்புக்கல் விழுந்த மழையை விழுங்கி, ஆயிரம் மீட்டர் கீழே கேன்யனுக்குள் ஊற்றாக விடும். ஹவசுபாய் பழங்குடியினரின் நீல அருவிகளுக்கு வரும் தண்ணீர் இந்தப் பீடபூமியின் அடியில் சேர்வதுதான். அதனால்தான் அவர்கள் புனிதமாகக் கருதும் ரெட் பட் குன்றருகே யுரேனியச் சுரங்கம் என்றதும் அத்தனை எதிர்ப்பு, 2023 ஆகஸ்டில் இந்தப் பகுதியைச் சேர்த்துத் தேசிய நினைவுச்சின்னம் அறிவித்தபோது அத்தனை கொண்டாட்டம். மேலே காட்டில் இருப்பதெல்லாம் மனிதன் செய்த தண்ணீர்: பண்ணைக்காரர்கள் மாட்டுக்காக வெட்டிய மண் குட்டைகள், தகரக் கூரைபோல் தரையில் சரித்துப் போட்ட தகடுகளில் மழையைப் பிடித்துத் தொட்டியில் சேர்க்கும் அமைப்புகள். வறட்சியில் துறை லாரியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றும். பூங்காவுக்குள் இருக்கும் எல்க்குகள் சுற்றுலாப் பயணிகளுக்கான குடிநீர்க் குழாயை மூக்கால் அழுத்தித் திறக்கக் கற்றுக்கொண்டு, கடைசியில் குழாய்களுக்குப் பூங்கா நிர்வாகம் தடுப்பு போட வேண்டியிருந்தது. தாகம் இங்கே அந்த அளவுக்கு ஆசிரியர்.

ஆகவே வறண்ட வருடத்தில் வேட்டைத் திட்டம் சுலபமாகச் சொல்லிவிடக்கூடியது: காலடி அதிகமுள்ள குட்டையைக் கண்டுபிடி, காற்று குட்டையிலிருந்து உன் பக்கம் வீசும் இடத்தில் மறைவு கட்டு, உட்கார். முன்பெல்லாம் இதற்குத் தானியங்கிக் கேமராக்கள் இருந்தன. ஒரே குட்டையைச் சுற்றிப் பலருடைய கேமராக்கள் மரத்துக்கு மரம் கட்டியிருக்கும். ஆள் வருவதும் போவதுமாக விலங்கு தண்ணீர் குடிக்கவே பயப்படும் நிலை. 2022 ஜனவரி 1 முதல் வேட்டைக்கு உதவும் நோக்கில் கேமரா வைப்பதை அரிசோனா தடை செய்துவிட்டது. நண்பருக்கு இதில் வருத்தமே இல்லை. "கேமராவுக்கு டேக் விழவில்லை, எனக்குத்தான் விழுந்தது" என்பார்.

ஜூன் மாதம், காடு மிகவும் காய்ந்திருக்கும் நேரம், குட்டைகளைச் சுற்றிப் போய் வந்தோம். வரைபடத்தில் இருந்த குட்டைகளில் பாதிக்கு மேல் வெடித்த சேறு. தண்ணீர் இருந்தவற்றைப் பச்சையிலும் காய்ந்தவற்றைச் சிவப்பிலும் குறித்தார். ஜூனில் தண்ணீர் தாங்கும் குட்டை செப்டம்பரிலும் தாங்கும் என்பது கணக்கு. கூடாரம் போடும் இடமும் அப்போதே தீர்மானம். விலங்குகள் தண்ணீருக்கு வரும் வழியை மறித்து, குட்டையிலிருந்து கால் மைலுக்குள் முகாம் போடுவது அரிசோனாவில் சட்டவிரோதம். நிழல் நன்றாக இருக்கிறதே என்று குட்டைக் கரையில் கூடாரம் அடிக்கும் வெளியூர்க்காரர்கள் அபராதம் கட்டிய கதைகள் உண்டு.

பிறகு ஒரு கேள்வி கேட்டேன், மதுரைப் பக்கம் வானம் பார்த்த பூமியில் வளர்ந்தவன் கேட்கக்கூடிய கேள்விதான்: மழை பெய்துவிட்டால்?

தென்மேற்கு அமெரிக்காவுக்கும் பருவமழை உண்டு. ஜூலை, ஆகஸ்டில் பிற்பகல் இடிமழை. 2020-இல் அது அநேகமாக வரவேயில்லை. 2021-இல் கொட்டித் தீர்த்தது. இரண்டில் எது வரும் என்று ஜூனில் யாராலும் சொல்ல முடியாது. அவர் நோட்டில் புதிய பக்கம் திருப்பி, 'ஈரம்' என்று மேலே எழுதி, இரண்டாவது வரைபடம் ஒன்றைத் தொடங்கினார்.

இரண்டாவது வரைபடம்

அதில் தண்ணீர் இல்லை. பெண் எல்க்குகள் இருந்தன.

இது புத்திசாலித்தனமான நகர்வு என்று இன்றும் நினைக்கிறேன். டேக் விழுந்தவர்கள் கோடையில் காடு பார்க்கப் போனால் ஆண்களைத் தேடித்தான் அலைவார்கள். ஜூலையில் ஆண்கள் தோல் போர்த்திய கொம்போடு கூட்டமாக, வெட்டவெளியில், சாவகாசமாக நிற்கும். புகைப்படம் எடுக்க அருமை. செப்டம்பர் முதல் வாரத்தில் கூட்டம் உடைந்து, ஒவ்வொன்றும் பெண்கள் இருக்கும் இடத்துக்குப் பல மைல் நடந்து போய்விடும். ஜூலையில் பார்த்த 370 அங்குலக் கொம்பு செப்டம்பரில் பூங்காவுக்குள் நிற்கலாம், நவஹோ பழங்குடியினரின் நிலத்தில் நிற்கலாம். பெண்கள் அப்படி இடம் மாறுவதில்லை. கன்றுகளோடு மேய்ச்சலுக்கும் படுக்கைக்கும் நடுவே ஒரு வட்டாரத்திலேயே சுற்றும். பெண் மந்தை எங்கே என்று தெரிந்தால் ஆண் தானாக வந்து சேரும்.

ஆகஸ்டில் அவர் பாண்டரோசா பைன் மரங்களுக்கு நடுவே இருந்த புல்வெளிகளை விடியற்காலையில் முக்காலி பைனாகுலரில் பார்த்து, மந்தை எந்தப் பக்கமிருந்து வந்து, வெயில் ஏறும்போது எந்த ஜூனிப்பர் புதர்க்காட்டுக்குள் நுழைகிறது என்று கோடு போட்டார். இந்த நிலம் தட்டையானது. மலைச்சரிவில் போல் காலையில் காற்று கீழே, பகலில் மேலே என்ற ஒழுங்கு இங்கே பலவீனம். பொதுவாகத் தென்மேற்குக் காற்று, இடிமழை நெருங்கினால் எந்தத் திசையும். ஆகவே ஒவ்வொரு கோட்டுக்கும் இரண்டு பக்கத்திலிருந்தும் நெருங்கும் வழி.

பூங்கா எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை சிவப்பு மை. அங்கே வேட்டையாடுவது சட்டப்படி தவறில்லை. ஆனால் அம்பு பட்ட எல்க் ஓடக்கூடிய தூரம் அது. எல்லையைத் தாண்டி விழுந்துவிட்டால் வில்லோடு உள்ளே போக முடியாது, பூங்கா அதிகாரியைத் தேட வேண்டும், அதற்குள் இறைச்சி போய்விடும். மிகப் பெரிய ஆண்கள் கத்தும் இடமும் அந்த ஒரு கிலோமீட்டர்தான். பதினெட்டு வருடம் காத்திருந்தவன் அதைத் தானாகக் கைவிடுவது லேசான காரியமில்லை.

எத்தனை அங்குலம்

கொம்பை அளக்கும் முறை தெரியாமல் 'பெரிய ஆண்' என்று பேசுவதில் பயனில்லை. இரண்டு நடுத்தண்டுகளின் நீளம். ஒவ்வொரு கிளையின் நீளம். ஒவ்வொரு தண்டிலும் நான்கு இடத்தில் சுற்றளவு. இரண்டு தண்டுக்கும் நடுவே உள் அகலம். எல்லாம் அங்குலத்தில் கூட்டினால் மொத்த மதிப்பெண். இடது வலது வித்தியாசத்தைக் கழித்தால் நிகரம். இயல்பான வடிவத்துக்குப் பூன் அண்ட் க்ராக்கெட்டின் நிரந்தரப் பதிவேட்டுக்கு 375 வேண்டும். வில்லுக்கான போப் அண்ட் யங் பதிவில் 260 போதும்.

காட்டில் அரை நிமிடத்தில் போடும் கணக்கு இப்படி: தண்டு 50 வீதம் 100. உள் அகலம் 40. எட்டுச் சுற்றளவு சராசரி 7, ஆக 56. ஐந்து கிளைகள் 17, 17, 15, 19, 11, ஒரு பக்கம் 79, இரண்டு பக்கம் 158. மொத்தம் 354. தண்டின் நுனி ஆறாவது முனையாகக் கணக்காகும், அதனால்தான் இதை 'ஆறுக்கு ஆறு' என்பார்கள். மூன்றாவது கிளைதான் பெரும்பாலும் ஏமாற்றும். முன்னிருந்து பார்த்தால் தெரியாது. நண்பர் தன் வீட்டுக் கராஜில் பழைய கொம்புகளை வைத்து, பார்த்து மதிப்பிட்டுப் பிறகு டேப்பால் அளந்து, மாதக்கணக்கில் பழகினார்.

பிறகு எழுதினார் இறங்குப் பட்டியலை. முதல் ஐந்து நாள்: 350-க்குக் குறைந்தால் அம்பை நாணில் வைப்பதில்லை. ஆறு முதல் பத்து: 330. பதினொன்று முதல் பதினான்கு: முதிர்ந்த எந்த ஆறுக்கு ஆறும். கீழே ஒரு வரி: 'காட்டில் வைத்து மாற்றக் கூடாது.'

இந்த வரிக்குத்தான் மற்ற எல்லாப் பக்கத்தையும்விட மதிப்பு. அரிய டேக் மனிதனை இரண்டு விதமாகக் கெடுக்கும். ஒருவர் முதல் காலையிலேயே கை நடுங்கி, கண்ணில் பட்ட முதல் கொம்பை அடித்துவிட்டு, பதிமூன்று நாளை வீணாக்கிய துக்கத்தோடு வீட்டுக்குப் போவார். இன்னொருவர் காத்திருந்த வருடங்களுக்கு ஈடாக 380 வேண்டும் என்று கடைசி மாலை வரை ஒவ்வொன்றாக விட்டுவிட்டு வெறுங்கையோடு வருவார். இரண்டாம் வகைதான் அதிகம் என்பது நான் கேட்ட கதைகளிலிருந்து எனக்குத் தோன்றுவது.

ஈரச் செப்டம்பர்

மழை வந்தது. வேட்டை தொடங்க நான்கு நாள் முன்பு நாங்கள் போனபோது, ஜூனில் சிவப்புக் குறி போட்ட குட்டைகளெல்லாம் நிரம்பித் தவளை கத்தியது. வண்டித்தடத்தின் ஒவ்வொரு பள்ளத்திலும் தண்ணீர். மறைவு கட்டி வைத்திருந்த நல்ல குட்டையில் அவர் முதல் நாள் மாலை உட்கார்ந்தார், மாடுகள் வந்தன. முதல் வரைபடம் அன்றோடு முடிந்தது. களிமண் பாதையில் டயருக்குச் சங்கிலி கட்டாமல் வந்த இரண்டு வண்டிகளை நாங்கள் தள்ளிவிட்டோம். அந்த ஆட்கள் கேட்டது ஒன்றே ஒன்று: எந்தக் குட்டையில் எல்க் வருகிறது?

ஈரத்துக்கு ஒரு நன்மை உண்டு. காய்ந்த பைன் ஊசி காலடியில் அப்பளமாக நொறுங்கும். நனைந்தது சத்தம் போடாது. இரவு மழை பழைய தடங்களை அழித்துவிடுவதால் காலையில் சேற்றில் இருக்கும் தடம் எல்லாம் அன்றையது. விளிம்பு கூராக, உள்ளே நீர் இன்னும் கசியாமல் இருந்தால் அரை மணிக்குள் போனது என்று அவர் குனிந்து விரல் வைத்துக் காட்டினார்.

தினமும் விடிய ஒன்றரை மணி நேரம் முன்பு வண்டியை நிறுத்தி, இருட்டில் காது கொடுத்துக் கேட்பது. ஆண் எல்க்கின் கூவல் அதன் உருவத்துக்குச் சம்பந்தமே இல்லாதது: அடிவயிற்றில் தொடங்கி விசில்போல் உச்சிக்கு ஏறி, முடிவில் இருமலாகச் சிதறும். இங்கே ஓர் எச்சரிக்கை, கிழக்கே நவஹோ எல்லைப் பக்கம் முகாம் போடுபவர்களுக்கு: அரிசோனா கடிகாரத்தைக் கோடையில் மாற்றுவதில்லை, நவஹோ நேஷன் மாற்றும். போன் அந்தப் பக்கத்துக் கோபுரத்தைப் பிடித்தால் அலாரம் ஒரு மணி நேரம் முன்னால் அடிக்கும். கைக்கடிகாரம் கட்டுங்கள்.

அவர் பதிலுக்குக் கூவவில்லை. பெண்களைச் சேர்த்து வைத்திருக்கும் ஆண், சவால் குரல் கேட்டால் பெரும்பாலும் சண்டைக்கு வராது. மந்தையைத் தள்ளிக்கொண்டு எதிர்த்திசையில் போய்விடும். வேட்டைக்காரர்கள் ஊதி ஊதி அவற்றைப் படிக்க வைத்திருக்கிறார்கள். மந்தை புல்வெளியிலிருந்து புதருக்குப் போகும் கோட்டுக்கு இணையாக, காற்று மந்தையிலிருந்து தன் பக்கம் வீசும்படி, மௌனமாகக் கூட நடப்பதுதான் அவர் வழி. ஆகஸ்டில் போட்ட கோடுகள் அப்படியே பலித்தன.

இரண்டாம் நாள் காலை 28 கஜத்தில் ஓர் ஆறுக்கு ஆறு குறுக்காக நின்றது. அவர் மனக்கணக்கு 345. வில்லை இழுக்கவில்லை. பின்னால் மரத்தடியில் இருந்த எனக்கு அது முட்டாள்தனமாகப் பட்டது. ஐந்து அங்குலத்தை யார் பார்க்கப் போகிறார்கள்? அவர் நோட்டைத் தட்டிக் காட்டினார். அதற்குப் பிறகு வந்த நாட்களில் காற்று மாறியதும், பெண் ஒன்று முதலில் பார்த்துக் குரைத்ததும், இடிமழையில் கூடாரத்துக்குள் சீட்டு விளையாடியதும்தான். ஏழாம் நாள் சிவப்பு மைப் பகுதிக்குள் இருந்து ஒரு கனத்த குரல் நாள் முழுக்கக் கேட்டது. போகவில்லை.

பதினொன்றாம் நாள் மாலை, மேகம் கட்டிய நேரம், புதர் விளிம்பில் பெண்களுக்குப் பின்னால் தலை தாழ்த்தி வந்த ஆணை 31 கஜத்தில் அடித்தார். அம்பு தோளுக்குப் பின் சரியான இடத்தில் நுழைந்தது. உடனே பின்தொடர்வதா, காத்திருப்பதா என்பது அப்போது கேள்வி. துரத்தினால் ஓடும், காத்திருந்தால் மழை இரத்தத் தடத்தைக் கழுவிவிடும். நாற்பது நிமிடம் என்று பேசி வைத்திருந்ததை முப்பதாகக் குறைத்தார். முதல் தூறல் விழும்போது கண்டுபிடித்தோம், 140 கஜத்துக்குள்.

வலது பக்க நான்காவது கிளை பாதியில் முறிந்திருந்தது, புது முறிவு. இரண்டாம் நாள் விட்ட அதே ஆண்தான் இது என்று அவர் சொல்கிறார். இடது தண்டின் அடியில் இருந்த சின்ன முளையை வைத்து. எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை. டேப்பில் மொத்தம் 331. முறிந்த கிளை இரண்டு முறை அடிக்கும்: போன 12 அங்குலம் மொத்தத்தில் குறையும், மறுபக்கத்தோடு வித்தியாசமாக நிகரத்தில் இன்னொரு தடவை கழியும். நிகரம் 315-ஐ ஒட்டி. போப் அண்ட் யங் பதிவுக்குத் தாராளம். அவர் பதிவு செய்யவில்லை.

மாலையில் விழுந்தது அதிர்ஷ்டம். 2,000 மீட்டருக்கு மேல் உள்ள இந்தக் காட்டில் செப்டம்பர் இரவு நன்றாகக் குளிரும். காலையில் விழுந்திருந்தால் 25 டிகிரி வெயிலோடு ஓட்டப்பந்தயம். டேக்கைக் கட்டியதும் ஹெட்லைட் வெளிச்சத்தில் வயிற்றைக் கிழிக்காமலே தோலை முதுகிலிருந்து உரித்து, காலுக்குக் கால் பிரித்து, மூச்சுவிடும் பருத்திப் பைகளில் போட்டுக் கிளையில் தொங்கவிட்டார். எலும்போடு ஒரு பின்னங்கால் முப்பது கிலோவுக்குக் குறையாது. நான் நாலு தடவை முதுகில் ஏற்றிய பிறகு எல்க் எவ்வளவு பெரியது என்பது கண்ணைவிட இடுப்புக்கு நன்றாகத் தெரிந்தது. காலையில் வண்டியில் பனிக்கட்டிப் பெட்டிகள் நிரம்பின. பல்லை அறுத்து வளையம் எண்ணும் ஆய்வகத்துக்கு ஒன்றை அனுப்பினார்; ஏழு வயது என்று பதில் வந்தது.

டேக் விழுந்த கணத்திலேயே சேர்த்த பாயிண்டெல்லாம் போய்விட்டது. பயிற்சி வகுப்புக்கானதும் விசுவாசத்துக்கானதும் மட்டும் மிச்சம். அடுத்த பிப்ரவரியில் பெண் எல்க்குக்கு, துப்பாக்கி டேக்குக்கு எழுதினார். தோள் இனி வில்லுக்கு ஒத்துவராது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். யூனிட் 9-இன் இரண்டு வரைபடங்களையும் நோட்டையும், அந்த வருடம் வில் டேக் விழுந்த தன் மருமகனுக்குக் கொடுத்திருக்கிறார். அவன் முதலில் கேட்டது சிவப்பு மை போட்ட அந்த ஒரு கிலோமீட்டரைப் பற்றித்தான்.